கட்-ஆஃப் குறைந்தால் கடன் குறையாது: பழவேற்காட்டுப் பெற்றோர் கவனத்துக்கு

பிளஸ் டூ முடிவு வரும் மே மாதம், மீனவக் குடும்பங்களில் கையில் காசு புழங்காத மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பழவேற்காடு ஏரியிலும் கோடையில் தண்ணீர் வற்றும். முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் இறாலும் நண்டும் குறையும். சரியாக அந்த நேரத்தில்தான் தரகரிடமிருந்து போன் வருகிறது. "பையனுக்கு கட்-ஆஃப் கம்மிதான், பரவாயில்லைங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கித் தர்றோம். 50 ஆயிரம் அட்வான்ஸ் மட்டும் இன்னிக்கே கட்டிடுங்க. நாளைக்கு வந்தா சீட் இருக்காது."

லைட் ஹவுஸ் குப்பமோ கோரைக்குப்பமோ கூனங்குப்பமோ, இந்தப் போன் வந்த வீட்டில் அடுத்து நடப்பது தெரிந்ததுதான். அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகும். அல்லது மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, வரப்போகும் பிடியை இப்போதே அவருக்கு எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பணத்தைக் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

கட்-ஆஃப் ஏன் குறைகிறது?

தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடுவதே கட்-ஆஃப். கணிதத்தில் 62, இயற்பியலில் 58, வேதியியலில் 64 வாங்கிய மாணவிக்கு 62 + 29 + 32, அதாவது 123. அரசின் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்கில் கலந்துகொள்ள இந்த மூன்று பாடங்களின் சராசரி பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதமும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் இருந்தால் போதும். இடஒதுக்கீட்டுப் பிரிவில் மூன்றிலும் 40 வாங்கியவரின் கட்-ஆஃப் 80. அவருக்கும் தகுதி உண்டு.

ஏலக் கூடத்தில் மீன் வரத்து கூடினாலும் விலை இறங்கும், வாங்க ஆள் குறைந்தாலும் இறங்கும். கட்-ஆஃபும் அப்படித்தான். ஒரு கல்லூரி ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) 2024-25 கல்வியாண்டிலிருந்து நீக்கியது. அதன் பிறகு பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸ், செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் செக்யூரிட்டி என்று இடங்களைக் கூட்டின. நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் அங்கே போய்விட, அடுத்த நிலைக் கல்லூரிகளில் அதே படிப்புக்குக் குறைந்த கட்-ஆஃபிலேயே இடம் கிடைக்கிறது.

வெளிநாட்டிலோ கம்ப்யூட்டர் படிக்க வரும் ஆளே குறைகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் கணினி அறிவியல் மாணவர் எண்ணிக்கை 2024இல் குறைந்தது, 2025இல் மேலும் 6 சதவீதம் சரிந்தது. தொடக்கநிலை வேலைகள் சுருங்குவதும், நிரல் எழுதும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொள்ளுமோ என்ற அச்சமும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

நம் ஊரிலும் அந்தக் காற்று வீசுகிறது. 2023 தொடக்கத்தில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் சம்பளம் என்று தேர்வு செய்திருந்த புதிய பட்டதாரிகளிடம் 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, ஏறத்தாழ 12 ஆயிரம் பேரை, நீக்கப்போவதாக அறிவித்தது. கம்ப்யூட்டர் படிப்பு வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நன்றாகப் படித்தவருக்கு இன்றும் வேலை இருக்கிறது. கட்-ஆஃப் குறைந்திருப்பது இடம் சுலபமாகக் கிடைக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. வேலை கிடைக்கும் என்று அது சொல்லவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டித்தான் தரகர் பணம் பறிக்கிறார்.

உங்களுக்கு உள்ள உரிமைகள்

முதலாவது, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 சட்டப்படி பொறியியலில் தனி இடங்கள் உண்டு. இந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இது பொருந்தாது.

இரண்டாவது, சாதிவாரி இடஒதுக்கீடு. பர்வதராஜகுலம், பட்டணவர், செம்படவர் ஆகிய மீனவப் பிரிவினர், கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் உட்பட, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இப்பட்டியலுக்கு 20 சதவீதம். ஏரியை நம்பி வாழும் இருளர்கள் பழங்குடியினர். பழவேற்காட்டு முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதப் பிரிவு இருக்கிறது. சாதிச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் இவை எதுவும் பயன்படாது. ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

மூன்றாவது, முதல் பட்டதாரி சலுகை. வீட்டில் யாருமே பட்டம் பெற்றிருக்கவில்லை என்றால், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கல்விக் கட்டணத்தில் குறையும். கட்டண நிர்ணயக் குழு 2017இல் வகுத்தபடி, தேசியத் தரச்சான்று பெற்ற படிப்புக்கு அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 55,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 2,20,000. முதல் பட்டதாரிக்கு அது 1,20,000 ஆகிவிடும். அதே இடத்துக்கு, கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 87,000, நான்கு ஆண்டுக்கு 3,48,000. விண்ணப்பிக்கும் ஆண்டுக்கான கட்டணத்தைக் கவுன்சிலிங் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, மாத உதவி. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். மீனவர் நல வாரிய உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குத் தனியாகக் கல்வி உதவித்தொகையும் உண்டு. வாரிய அட்டையைப் புதுப்பித்து வையுங்கள்.

எங்கே ஏமாறுகிறோம்?

7.5 சதவீத ஒதுக்கீடும் முதல் பட்டதாரி சலுகையும் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் மட்டுமே கிடைக்கும். தரகரை நம்பி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த நாளிலேயே இரண்டும் கைவிட்டுப் போகின்றன. இலவசமாகவே கிடைத்திருக்கக்கூடிய இடத்துக்கு நகையை அடகு வைக்கிறோம். கவுன்சிலிங்கில் சேராத தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் கட்டணமே வேறு. அங்கும் இந்தச் சலுகைகள் இல்லை.

இரண்டாவது ஆபத்து, பாஸ்வேர்டு. "நாங்களே விருப்பப் பட்டியலை நிரப்பித் தர்றோம்" என்று சொல்லி மாணவரின் லாக்-இன் விவரத்தையும் ஓடிபியையும் வாங்கி, தங்கள் கல்லூரியை முதல் இடத்தில் போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். பட்டியலைப் பூட்டிய பிறகு மாற்ற முடியாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசின் கவுன்சிலிங் உதவி மையங்கள் உள்ளன. அங்கே போய் இலவசமாகவே நிரப்பலாம்.

மூன்றாவது ஆபத்து, கல்லூரியின் தரம். ஒரே பேராசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் கணக்கில் இருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2024 ஜூலையில் அம்பலப்படுத்தியது. 224 கல்லூரிகளில் 353 பேர் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காட்டப்பட்டிருந்தார்கள். பாடம் நடத்த ஆளில்லாத கல்லூரியில் நம் பிள்ளைக்கு மிஞ்சுவது அரியர்தான்.

ஆகவே சேரும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதம். கல்லூரி விளம்பரத்தில் இது இருக்காது, பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும். இரண்டு, பாடப்பிரிவுக்கு ஏஐசிடிஇ அனுமதி இருக்கிறதா, தேசியத் தரச்சான்று இருக்கிறதா. மூன்று, சென்ற ஆண்டு படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு, எந்தச் சம்பளத்தில் வேலை கிடைத்தது என்பது எழுத்து வடிவில். நான்கு, பஸ், விடுதி, தேர்வுக் கட்டணம் சேர்த்து ஓராண்டின் முழுச் செலவு.

பிள்ளைக்குக் கணிதம் கசக்கிறது என்றால் கம்ப்யூட்டர் பொறியியலில் தள்ளாதீர்கள். பொன்னேரியிலேயே உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி இருக்கிறது. டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியும் பொன்னேரியில்தான். கடலும் ஏரியும் அறிந்த பிள்ளைக்கு அந்தப் படிப்பு பக்கத்திலேயே கிடைப்பது நம் பகுதிக்கு வாய்த்த நல்வாய்ப்பு. பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

பணம் கட்டிவிட்டால்?

நன்கொடை கேட்பது 1992ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி குற்றம். எந்தப் பணத்துக்கும் கல்லூரியின் பெயரில் ரசீது கேளுங்கள். தரகரின் சொந்தக் கணக்குக்கோ ஜிபே எண்ணுக்கோ அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்துவிட்டால் அன்றே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் திரும்பி வரும் வாய்ப்பைக் குறைக்கும்.

சேர்ந்துவிட்டு விலக நேர்ந்தால் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிப்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாட்களுக்கு முன்பே விலகினால், சிறு செயலாக்கத் தொகை போக, முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அந்தக் கடைசி 15 நாட்களுக்குள் விலகினால் 90 சதவீதம். கடைசி நாள் கடந்து 15 நாட்களுக்குள் 80, 30 நாட்களுக்குள் 50. அதற்குப் பின் ஒன்றும் கிடையாது. விலகல் கடிதத்தைத் தேதியிட்டுக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

கல்லூரி மறுத்தால் சென்னையில் உள்ள தொழில்நுட்பக் கல்வி ஆணையரகத்துக்கும் ஏஐசிடிஇ இணையதளத்திலும் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் கட்டணமின்றி உதவும். எண் 15100. எந்தப் படிப்பு, எந்தச் சலுகை என்ற குழப்பம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணைக் கூப்பிடுங்கள்.

பணமே பிரச்சினை என்றால் வங்கியைக் கேளுங்கள். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை. வங்கி மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள்.

ஒவ்வொரு குப்பத்திலும் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று பாடு வகுத்துப் பல தலைமுறையாகப் பகிர்ந்துகொள்ளும் ஊர் இது. அந்தப் பஞ்சாயத்தார் மே மாதத்தில் ஒரு நாள் மாலை பிளஸ் டூ முடித்த பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டி, பள்ளி ஆசிரியர் ஒருவரையும் ஏற்கெனவே கவுன்சிலிங்கில் சேர்ந்து படிக்கும் ஊர்ப் பிள்ளை ஒருவரையும் பேச வைத்தாலே பாதி ஏமாற்று நின்றுவிடும். இந்த ஆண்டே அதைச் செய்யுங்கள். கவுன்சிலிங் முடியும்வரை யாருக்கும் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.