யானைக்குக் கொடுத்த கடனும் புத்தகத்துக்குக் கொடுத்த கடனும்

அமெரிக்காவிலே ஒரு பாங்கியின் பெண் அதிகாரி, தம் உத்தியோக காலத்தில் தாம் கொடுத்த விசித்திரமான கடன்களைத் தரம் பிரித்து வைத்திருந்தார். முதல் ஸ்தானம், யானை வாங்குவதற்காக ஒரு சர்க்கஸ் கம்பெனிக்குக் கொடுத்த கடனுக்கு. இரண்டாவது ஸ்தானம், புத்தகம் அச்சிடுவதற்காகத் தம் வீட்டின் மேல் மறுபடியும் அடமானக் கடன் கேட்டு வந்த ஒரு கலாசாலைப் பேராசிரியருக்கு. யானையாவது வித்தை காட்டிப் பணம் சம்பாதிக்கும். புத்தகம் என்ன செய்யும் என்று அந்த அம்மாள் யோசித்திருந்தால், அவரைக் குறை கூறுவதற்கில்லை.

கடன் கேட்டவர் எட்வர்ட் டஃப்டி. அவர் அச்சிட விரும்பிய புத்தகம், எண்களையும் புள்ளிவிவரங்களையும் படமாக வரைந்து காட்டுவது எப்படி என்பதைப் பற்றியது. 1983-ஆம் வருஷத்தில் அது வெளியாயிற்று. படங்களைப் பற்றிய சாஸ்திரத்தில் இன்றும் முதலில் எடுத்துக் கொடுக்கப்படும் நூல்களில் அது ஒன்று. ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அந்த நூலின் கீர்த்தியை அல்ல. அது பக்கம் பக்கமாக எப்படி உருவாயிற்று என்பதையே.

1975-இல் டஃப்டி பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் இருந்தார். பொருளாதாரம் படிப்பதற்காக அங்கே வந்திருந்த பத்திரிகைக்காரர்கள் சுமார் ஒரு டஜன் பேருக்குப் புள்ளிவிவரம் போதிக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. பாடத்துக்காகப் பழைய நூல்களைத் தேடிப் பார்த்தார். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை, கோடு இழுக்கும் பேனாவை எப்படிப் பிடிப்பது, எந்த அளவில் கட்டம் போடுவது என்பவற்றையே சொல்லிக்கொண்டிருந்தன. படம் உண்மையைச் சொல்லுகிறதா, படிப்பவனைச் சிந்திக்க வைக்கிறதா என்ற கேள்வியை அவை எழுப்பவேயில்லை. ஆகவே தாமே குறிப்புகள் எழுதத் தொடங்கினார். பிறகு ஜான் டியூக்கி என்னும் புகழ் பெற்ற புள்ளிவிவர நிபுணரோடு சேர்ந்து வகுப்பு நடத்தினார். 1977-இல் யேல் சர்வகலாசாலைக்குப் போனார். குறிப்புகள் வளர்ந்து, 1982-க்குள் ஏறக்குறையப் புத்தகமாகிவிட்டன.

கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு பிரசுரகர்த்தர்களிடம் போனபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது. புத்தகத்தை அவர்கள் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் படம் எந்த இடத்தில் வரவேண்டும், ஓரம் எவ்வளவு விடவேண்டும், காகிதம் எப்படி இருக்கவேண்டும் என்பவற்றையெல்லாம் நூலாசிரியரே தீர்மானிப்பதா? இந்த யோசனையைக் கேட்டதும் அவர்கள் திகைத்துப் போனார்கள்.

அவர்கள் திகைத்ததற்குக் காரணம் உண்டு. ஈய எழுத்துக்களைக் கோத்து அச்சிட்ட காலத்தில், வாசகம் ஒரு பொருள், படம் வேறொரு பொருள். படத்துக்குத் தனியாக பிளாக் செய்யவேண்டும். நயமான படமானால் வழுவழுப்பான வேறு காகிதத்தில் அச்சிட்டு, புத்தகத்தின் நடுவிலோ கடைசியிலோ சேர்த்துத் தைக்க வேண்டும். ஆகவே 31-ஆம் பக்கத்தில் படித்துக்கொண்டிருக்கும் வாசகரை, "12-ஆவது படத்தைப் பார்க்க" என்று விரட்டினார்கள். அவரும் 31-ஆம் பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் 12-ஆவது படத்தைத் தேடி அலைவார். படம் அகப்படும்போது, எதற்காக அதைத் தேடினோம் என்பது மறந்து போயிருக்கும். பள்ளிக்கூடத்தில் பூகோளப் புத்தகம் படித்த எவருக்கும் இந்த அனுபவம் இல்லாமற் போகாது.

பிற்பாடு ஆப்செட் முறை வந்து, எழுத்தையும் படத்தையும் ஒரே தகட்டில், ஒரே காகிதத்தில் அச்சிட முடிந்தது. பழைய தடை நீங்கிவிட்டது. பழைய பழக்கம் மட்டும் நீங்கவில்லை. எழுதுகிறவர் ஒருவர், படம் வரைகிறவர் மற்றொருவர், பக்கம் கட்டுகிறவர் வேறொருவர். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே காரியம் நடந்தது. இந்தப் பிரிவினையே தவறு என்பதுதான் டஃப்டியின் நூலின் சாரம். அந்தச் சாரத்தைச் சொல்லும் புத்தகமே அந்தத் தவறோடு வெளிவருவதென்றால், குடியின் கேட்டைப் பற்றிக் கள்ளுக்கடை வாசலில் பிரசங்கம் செய்வது போலல்லவா ஆகும்?

எனவே வீடு அடமானத்துக்குப் போயிற்று. அமெரிக்காவில் வட்டி விகிதம் மிக உயர்ந்திருந்த சமயம் அது. ஆப்செட் அச்சிலோ முதற்செலவெல்லாம் தகட்டிலும் மெஷினைத் தயார் செய்வதிலும் போய்விடும். பிரதிகள் குறைந்தால் ஒவ்வொரு பிரதியின் அடக்க விலையும் ஏறிப்போகும். வாங்கத் தகுந்த விலை வைப்பதென்றால் ஆரம்பத்திலேயே நிறையப் பிரதிகள் போட்டாக வேண்டும். விற்காவிட்டால் வீடு நிறையப் புத்தகம் இருக்கும். அந்த வீடு பாங்கியினுடையதாக இருக்கும். இப்படிப்பட்ட நிலைமையில் யாரும் சிக்கனத்தைத்தான் நினைப்பார்கள். டஃப்டியோ நேர்மாறாக நினைத்தார். சொந்தமாகப் போடுவதென்று ஏற்பட்ட பிறகு எதிலும் குறை வைப்பதில்லை, குறை வைப்பதானால் சொந்தமாகப் போடுவதே எதற்கு என்று முடிவு கட்டிக்கொண்டார்.

நூல் வடிவமைப்பில் தேர்ந்த ஹோவர்ட் கிரால்லா என்பவர் அவருக்குத் துணையாக அமைந்தார். ஒரு கோடைக்காலத்தின் ஒரு பகுதியை இருவரும் கிரால்லாவின் வேலைக்கூடத்தில் கழித்தார்கள். முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில், ஒவ்வொரு பக்கமாகக் கட்டினார்கள். படத்தைப் பற்றிய பேச்சு எங்கே வருகிறதோ, படமும் அங்கேயே வந்தது. சில இடங்களில் ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே சிறிய படம் வந்து உட்கார்ந்து, வாக்கியம் அதைத் தாண்டி மேலே செல்லும். அடிக்குறிப்புகளைப் பக்கத்தின் அடியில் தள்ளாமல், அகலமான ஓரத்தில், அவை எந்த வரியைச் சேர்ந்தவையோ அந்த வரிக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். எழுத்து பெம்போ என்னும் வகை. 1490-களில் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ் வெளியிட்ட ஒரு சிறு நூலின் எழுத்தைப் பின்பற்றி இருபதாம் நூற்றாண்டில் வார்க்கப்பட்டது. படங்களின் மெல்லிய கோடுகளோடு சண்டை போடாத எழுத்து அது.

கம்ப்யூட்டர் திரையில் படத்தைத் தொட்டு நகர்த்திவிட்டு, பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே கொண்டுவரும் வசதி அப்போது பரவியிருக்கவில்லை. மேஜையடியிலேயே பக்கம் கட்டும் யந்திரமும் மென்பொருளும் 1985-இல்தான் கடைக்கு வந்தன. அதற்கு முன்னால், எழுத்துக் கோத்து வந்த நீளமான காகிதங்களைக் கத்தியால் வெட்டி அட்டையில் ஒட்டிப் பக்கம் கட்டுவதே வழக்கம். இரண்டு வரி அதிகமானால் அடுத்த பக்கம் குலையும். அது குலைந்தால் அதற்கு அடுத்ததும் குலையும். இந்த இடத்தில்தான் நூலாசிரியரே பக்கத்தில் இருப்பதன் லாபம் தெரிகிறது. வேறொருவர் எழுதியதில் இரண்டு வரியை வெட்ட வடிவமைப்பாளருக்கு அதிகாரம் இல்லை. எழுதியவர் அருகிலேயே இருந்தால், படத்துக்கு இடம் செய்வதற்காக வாக்கியத்தைச் சுருக்குவார். இடம் மிஞ்சினால் ஒரு வாக்கியம் சேர்ப்பார்.

பக்கத்தை எப்படிப் பார்ப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புத்தகத்தை விரித்தால் வாசகர் கண்ணில் படுவது ஒரு பக்கமல்ல. இடதும் வலதுமாக இரண்டு பக்கங்கள். இங்கிலாந்தில் கெல்ம்ஸ்காட் அச்சகத்தை நடத்திய வில்லியம் மாரிஸ் இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வற்புறுத்தினார். நடுமடிப்பை ஒட்டிய ஓரம் எல்லாவற்றிலும் சிறியது, மேல் ஓரம் அதைவிடப் பெரியது, வெளி ஓரம் இன்னும் பெரியது, கீழ் ஓரமே எல்லாவற்றிலும் பெரியது என்பது அவர் கணக்கு. இப்படி அமைத்தால் இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று நெருங்கி ஒரே சித்திரமாகத் தோன்றும். இந்த இரட்டைப் பக்கத்தை ஒரு காட்சியாகவும், காகிதத்தைத் திருப்புவதைத் திரை விழுந்து எழுவதாகவும் எண்ணிக்கொண்டால், படங்களால் கதை சொல்லும் வித்தை பாதி கைவந்துவிடும்.

கதை சொல்லும் படம் என்றால் எப்படிப்பட்டது? டஃப்டி தம் நூலில் சேர்த்த ஒரு பழைய பிரெஞ்சுப் படத்தைப் பார்ப்போம். சார்லஸ் மினார் என்னும் ஓய்வு பெற்ற எஞ்சினீயர் 1869-இல், தமது 88-ஆவது வயதில் வரைந்தது. 1812-இல் நெப்போலியன் ருஷியாவின் மேல் படையெடுத்த கதை. இடப்பக்கத்தில் நீமென் நதிக்கரையில் ஒரு பட்டை புறப்படுகிறது. 10,000 போர்வீரர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம். புறப்பட்டவர்கள் 4,22,000 பேர். ஆகையால் பட்டையின் அகலம் 42 மில்லிமீட்டர், ஒரு தீப்பெட்டியின் நீளத்துக்குச் சற்றுக் குறைவு. கிழக்கே போகப் போகப் பட்டை மெலிகிறது. மாஸ்கோவை அடையும்போது எஞ்சியவர்கள் 1,00,000 பேர். அங்கிருந்து கறுப்புப் பட்டையாகத் திரும்புகிறது. அதன் கீழே குளிரின் அளவு, ரேயோமூர் கணக்கில், தேதியோடு கோடாக இறங்குகிறது. டிசம்பர் 6-ஆம் தேதி பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகை. பெரசினா நதியைக் கடக்குமிடத்தில் பட்டை சட்டென்று ஒடுங்குகிறது: 50,000 பேர் கரைக்கு வந்தார்கள், 28,000 பேர் மேலே நடந்தார்கள். நீமென் கரைக்கு மீண்டவர்கள் 10,000 பேர். புறப்பட்ட இடத்திலேயே, தடித்த பட்டைக்கு அருகில், ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள கறுப்புக் கோடாக அந்தச் சேனை வந்து நிற்கிறது.

இந்தப் படத்தில் ஒரு பிணமும் இல்லை. ஒரு பீரங்கியும் இல்லை. ஆனாலும் பார்க்கிறவர் சில விநாடி பேசமாட்டார். இதுவரை வரைந்த புள்ளிவிவரப் படங்களில் இதுவே சிறந்ததாக இருக்கக்கூடும் என்று டஃப்டி அபிப்பிராயப்பட்டார்.

மற்றொரு படம், மாரே என்னும் பிரெஞ்சுக்காரர் 1885-இல் வெளியிட்ட பாரிஸ்-லியோன் ரயில் அட்டவணை. மேலிருந்து கீழே ஸ்டேஷன்கள், தூரத்துக்குத் தகுந்த இடைவெளியோடு. இடமிருந்து வலமாக மணி. ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. செங்குத்தாகச் சாய்ந்தால் வேகமான வண்டி. கோடு படுத்துக்கொண்டால் வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளுமிடத்தில் போகும் வண்டியும் வரும் வண்டியும் சந்திக்கின்றன. டஃப்டி இதைத் தமது நூலின் மேலுறையிலேயே போட்டார். உள்ளே, பின்னணிக் கட்டங்கள் கறுப்பாக இருந்தால் ரயில் கோடுகள் எப்படி மறைகின்றன, அவற்றை வெளிறச் செய்தால் எப்படித் துலங்குகின்றன என்று விளக்கினார். செய்தியைச் சொல்லாத மையை அழித்துவிட வேண்டும் என்ற அவருடைய புகழ் பெற்ற விதியும் இதோடு சேர்ந்ததே.

அந்த விதியை அவர் சில இடங்களில் எல்லை மீறிக் கொண்டுபோனார் என்பது என் எண்ணம். கோட்டை அழித்து, கட்டத்தை அழித்து, கடைசியில் படம் பத்தியக்காரன் சாப்பாடு போல் ஆகிவிடுகிறது. அலங்காரங்களைக் குப்பை என்றே அவர் அழைத்தார். 2010-இல் கனடாவிலுள்ள சஸ்காச்சுவான் சர்வகலாசாலையார் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். சித்திர வேலைப்பாடுள்ள படங்களையும் அலங்காரமற்ற படங்களையும் காட்டிக் கேள்வி கேட்டார்கள். புரிந்துகொள்வதில் வித்தியாசம் காணவில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது, சித்திரப் படங்களே நினைவில் நன்றாக நின்றிருந்தன. நம் வீட்டுக் கோலத்தில் புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டுக் கோட்டை வேண்டாமென்றால் யார் ஒப்புவார்கள்?

இருந்தாலும் அந்தப் புத்தகத்தின் அமைப்பில் நான் குறை காணவில்லை. முதற் பாகத்தில் நல்ல படங்களும் பொய் சொல்லும் படங்களும்; இரண்டாம் பாகத்தில்தான் விதிகள். முதலில் கண்ணுக்கு விருந்து வைத்துவிட்டுப் பிறகு மூளைக்கு வேலை கொடுக்கிறார். அன்ஸ்கோம்ப் என்பவர் 1973-இல் கட்டிய நான்கு எண் கூட்டங்களை ஆரம்பத்திலேயே எடுத்து வைக்கிறார். சராசரி முதலான கணக்குகளில் நான்கும் ஒரே அச்சு. புள்ளிகளாக வரைந்தால் ஒன்று சாய்ந்த மேகம், ஒன்று வளைந்த வில், மற்ற இரண்டும் ஒவ்வொரு துஷ்டப் புள்ளியால் கெட்டுப் போனவை. படம் ஏன் வேண்டும் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

வீடு தப்பியது. அந்த நூலைத் தொடர்ந்து 1990, 1997, 2006 ஆகிய வருஷங்களில் டஃப்டியின் வேறு மூன்று நூல்களும் அவருடைய சொந்தப் பிரசுரமாகவே வந்தன; முதல் நூலுக்கு 2001-இல் இரண்டாம் பதிப்பு வந்தது.

இப்போது குடும்ப வரலாற்றையோ, ஊர்க் கோயிலைப் பற்றிய நூலையோ படங்களோடு தாமே தயாரிக்க முனையும் அன்பர்கள் பலர் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிடும் என்று அவர்கள் நேரே அதன் முன்னால் போய் உட்காருவது சரியல்ல. வெற்றுத்தாள்களை மடித்துத் தைத்து, உத்தேசித்த அளவிலேயே ஒரு மாதிரிப் புத்தகம் செய்துகொள்வது நலம். அதில் ஒவ்வொரு இரட்டைப் பக்கத்திலும், படம் வரும் இடத்தில் ஒரு கட்டமும், வாசகம் வரும் இடத்தில் சில கோடுகளும் பென்சிலால் போட்டு, முதலிலிருந்து கடைசி வரை புரட்டிப் பார்க்க வேண்டும். பெரிய படங்கள் அடுத்தடுத்து வந்து சலிப்பூட்டுகின்றனவா, திருப்பியவுடன் தெரிய வேண்டிய படம் முந்தின பக்கத்திலேயே தலை நீட்டிவிட்டதா என்பவை அப்போது தெரியும். அச்சகத்தார் 16 பக்கத்தை ஒரு ஃபாரமாகக் கணக்கிடுவார்களானால், 96 பக்கத்துக்கு ஆறு ஃபாரம். ஒரே ஒரு படத்துக்காக 97-ஆவது பக்கம் வேண்டுமென்றால் ஏழாவது ஃபாரத்துக்குச் செலவு ஏறும். ஒன்று, அந்தப் படத்தை விடவேண்டும். இல்லையேல், மீதிப் பதினைந்து பக்கத்துக்கும் விஷயம் தேடவேண்டும். பென்சில் கையில் இருக்கும்போதே இதைத் தீர்த்துக்கொள்ளலாம்.