லேப்டாப்பில் சி டிரைவ், டி டிரைவ் எதற்கு? ஃபார்மேட் போடும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

"லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஃபார்மேட் போட்டுடலாமா?" என்று சர்வீஸ் கடையில் கேட்டதும், உள்ளே இருக்கும் போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாம் போயிடுமோ என்ற பயம் வரும். போகுமா, போகாதா என்பது உங்கள் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பார்ட்டிஷன் என்றால் என்ன?

பழவேற்காடு ஏரியில் மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரிக்குள் சுவர் எதுவும் கிடையாது. ஆனாலும் எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்திருப்பார்கள். டிஸ்க்கும் அப்படித்தான். அதன் தொடக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, அதன் அளவு என்ன என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். அதைப் படித்துத்தான் கம்ப்யூட்டர் ஒரே டிஸ்க்கை சி, டி என்று தனித்தனியாகக் காட்டுகிறது.

பழைய எம்.பி.ஆர் அட்டவணையில் 4 முதன்மைப் பகுதிகள்தான் போட முடியும். புதிய ஜி.பி.டி முறையில் விண்டோஸ் 128 பகுதிகள் வரை அனுமதிக்கிறது.

ஏ, பி எங்கே போச்சு?

அந்த எழுத்துகள் அந்தக் கால ஃபிளாப்பி டிரைவ்களுக்குப் போய்விட்டன. அதனால்தான் ஹார்ட் டிஸ்க் சி-யில் தொடங்குகிறது.

பிரிப்பதால் என்ன லாபம்?

பழவேற்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டும் ஃபைல்களைச் சேமிக்கும் விதமே வேறு. தனித்தனி பார்ட்டிஷன் இருந்ததால்தான் ஒரே டிஸ்க்கில் இரண்டும் இருக்க முடிந்தது.

ஃபார்மேட் போட்டால் என்ன ஆகும்?

சி-யை மட்டும் ஃபார்மேட் செய்தால் டி-யில் உள்ளவை அப்படியே இருக்கும். ஆனால் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் மூன்றுமே வழக்கமாக சி-யில்தான் இருக்கும். நாம் எல்லாத்தையும் போட்டு வைப்பதும் அங்கேதான்! முதலில் அதையெல்லாம் வெளியே எடுத்துடுங்க. "சி மட்டும் போதும்" என்று கடையில் தெளிவாகச் சொல்லிடுங்க.

முக்கியமான விஷயம்: டி-யில் காப்பி இருந்தாலும் அது பேக்கப் ஆகாது. ஏரி வற்றினால் எல்லாப் பாடும் சேர்ந்துதான் வற்றும். டிஸ்க் பழுதானால் சி, டி இரண்டுமே போகலாம். அதனால் பென் டிரைவ் அல்லது வேறொரு டிஸ்க்கில் இன்னொரு காப்பி எடுத்து வையுங்க.