பாயின்ட் திரும்பி வந்தது, இரவுகள் வரவில்லை

விடுதி இரவுகளைப் பாயின்ட் கொடுத்துப் பெறும் டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில், டிசம்பரில் தொடங்கும் ‘யூஸ் இயர்’ (பாயின்ட் ஆண்டு) வைத்திருப்பவர்கள், நடப்பு ஆண்டின் பாயின்ட்டுகளை அடுத்த ஆண்டுக்கு பேங்க் செய்ய ஜூலை 31 கடைசி நாள். 2020இல் அமெரிக்காவில் வாழும் வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றுதான்: “கொரோனாவால் ஏப்ரல் புக்கிங் ரத்தானது. பாயின்ட் கணக்கில் ஏறிவிட்டது. அப்புறம் எனக்கு என்ன நஷ்டம்?”

நஷ்டம் உண்டு. அது கணக்கில் தெரியாது, அறை தேடும்போதுதான் தெரியும்.

ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டில் உள்ள கிளப் விடுதிகள் 2020 மார்ச் 20 அன்று மூடி ஜூன் 22 அன்று திறந்தன. 94 இரவுகள், அதாவது ஆண்டில் கால் பங்கு. அந்த மாநில டைம்ஷேர் சட்டம், இருக்கும் அறைகளுக்கு மேல் உரிமையை விற்கக் கூடாது என்கிறது. ஆகவே ஒரு விடுதியின் மொத்த பாயின்ட்டும் ஓராண்டின் மொத்த இரவுகளும் சரிக்குச் சரியாக வருமாறு கணக்கிடப்பட்டிருக்கின்றன. நிர்வாகம் நினைத்தபடி பாயின்ட்டைப் பெருக்கிவிட முடியாது. வாங்குபவருக்கு நல்ல பாதுகாப்புதான். விடுதி மூடும்போதோ அதே கணக்கு அவருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது: இரவுகள் அழிந்துவிட்டன, பாயின்ட்டுகள் அழியவில்லை. ஹவுஸ்ஃபுல் காட்சி ரத்தாகி, ‘இதே டிக்கெட்டோடு அடுத்த காட்சிக்கு வாருங்கள்’ என்று சொல்வதைப் போன்றது இது. அடுத்த காட்சிக்கும் டிக்கெட் விற்றாகிவிட்டதே!

மூடியிருந்த காலத்தில், வரும் ஆண்டின் பாயின்ட்டைக் கடன் வாங்கும் வரம்பைப் பாதியாகக் குறைத்தார்கள். நெரிசல் வரும் என்று நிர்வாகமே எதிர்பார்த்ததாகத்தான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். பாயின்ட்டைத் திருப்பித் தருவதை இழப்பீடு என்று சொல்வது சரியல்ல. உங்கள் இழப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி, சக உறுப்பினர்களின் தலையில் பங்குபோடுகிறார்கள். நிறுவனத்தின் பையிலிருந்து எதுவும் போகவில்லை.

உண்மையான இழப்பீட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. மூடிய மாதங்களில் அறை சுத்தம் செய்தல் போன்றவற்றில் மிச்சமான தொகையை ஆண்டுக் கட்டணத்தில் கழிக்கலாம். இன்னொன்று ஒப்பந்தக் காலத்தை நீட்டிப்பது. பழைய ஃபுளோரிடா விடுதிகள் பலவற்றின் ஒப்பந்தம் 2042 ஜனவரி 31 அன்று முடிகிறது. இழந்த மூன்று மாதத்தை அதன் முடிவில் சேர்த்துக் கொடுத்தால் செலவு நிலத்தின் சொந்தக்காரரான டிஸ்னிக்கு, சக உறுப்பினருக்கு அல்ல. இரண்டாவதுதான் நியாயம் என்பது என் கருத்து.

மற்ற கேள்விகள்:

ஏற்கெனவே பேங்க் செய்த பாயின்ட்டை மறுபடி பேங்க் செய்யலாமா?
விதிப்படி முடியாது. அதிகம் அடிபடுவது இப்படி முன்பே பேங்க் செய்தவர்கள்தான்; உறுப்பினர் சேவைப் பிரிவை அழைத்து விலக்கு கேளுங்கள்.

விடுதி திறந்துவிட்டது, எனக்குத்தான் போகப் பயம். ரத்து செய்தால்?
அது சாதாரண ரத்து. வழக்கமான விதிப்படி, தங்கத் தொடங்கும் தேதிக்கு முந்தைய 30 நாளுக்குள் ரத்து செய்தால் அந்தப் பாயின்ட்டை 60 நாளுக்குள் வரும் தேதிகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம்.

ஆண்டுக் கட்டணத்தை நிறுத்திவைக்கலாமா?
வேண்டாம், புக்கிங் உரிமை முடங்கும், சொத்தே பறிபோகலாம்.

பூங்கா டிக்கெட்?
அது தனிக் கணக்கு.

ஜூலை 31க்குள் பேங்க் செய்துவிடுங்கள். உரிமையாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் டிசம்பரில் நடக்கும். மூடிய மாதங்களின் வரவு செலவை விடுதிவாரியாகக் காட்டச் சொல்லி அதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.