முதுமையின் உறக்கமும் மூளையின் ‘ஆனந்த’மும்

நரம்புகளின் படபடப்பைத் தணிக்கும் சில கொழுப்புப் பொருள்களை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. அந்தப் பொருள்கள், அவற்றை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள், வேலை முடிந்ததும் அவற்றைச் சிதைக்கும் நொதிகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே எண்டோகன்னாபினாய்டு அமைப்பு. வலி, பசி, பதற்றம், நினைவு, உறக்கம் ஆகிய எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. 2021 மதிப்பீட்டின்படி தமிழகத்தில் 100 பேரில் ஏறத்தாழ 14 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். அவர்களில் பலருக்கு இரவு நீண்டதாகவும் உறக்கம் குறுகியதாகவும் இருப்பதால், இந்த அமைப்பை அறிந்துகொள்வது பயன் தரும்.

இந்த அமைப்பைத் தேட வைத்தது கஞ்சாதான். அதன் போதைப் பொருளான டிஎச்சியை 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் பிரித்தெடுத்தனர். டிஎச்சி வந்து ஒட்டும் சிபி1 ஏற்பி 1988-ல் மூளையில் கண்டறியப்பட்டது. செடியின் பொருளுக்காக மூளை ஏற்பி வைத்திருக்காது; அதற்குரிய பொருள் உடலிலேயே இருக்க வேண்டும் என்று தேடியதில் 1992-ல் அனாண்டமைடு கிடைத்தது. ‘ஆனந்தம்’ என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. 1995-ல் 2-ஏஜி என்ற இன்னொரு பொருளும் அடையாளம் காணப்பட்டது.

இவற்றின் வேலையைத் தாமிரபரணிப் பாசனத்தில் காணலாம். கன்னடியன் கால்வாயின் தண்ணீர் வயலில் நிறைந்ததும் விவசாயி போய் மடையை அடைக்கிறார். அதுபோலவே, ஒரு நரம்பணுவுக்குச் செய்தி மிகுந்துவிட்டால் அது எண்டோகன்னாபினாய்டைச் சுரந்து, செய்தி அனுப்பும் நரம்பணுவுக்குத் திருப்பி அனுப்புகிறது. அங்கே இருக்கும் சிபி1 ஏற்பி செய்தியின் வரத்தைக் குறைக்கிறது. இந்தப் பொருள்கள் தேவைப்படும் நேரத்தில் சுரந்து, விரைவில் சிதைந்துவிடுகின்றன.

இந்தச் சுரப்புக்கு நேரக் கணக்கும் உண்டு. இரத்தத்தில் 2-ஏஜியின் அளவு நடு உறக்கத்தில் மிகவும் தாழ்ந்து, நண்பகலுக்குப் பின் உச்சத்தைத் தொடுவதைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். உறக்கத்தை நாலரை மணி நேரமாகக் குறைத்தபோது அந்த உச்சம் மேலும் உயர்ந்து இரவுவரை நீடித்ததையும், பசி கூடியதையும் 2016-ல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது. இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் இளையோர்.

வயது ஏறும்போது ஆழ்ந்த உறக்கம் குறைகிறது, உறக்கத்துக்குத் துணைபுரியும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு தளர்கிறது, உடல் கடிகாரம் முன்னே நகர்கிறது. அதனால்தான் எட்டு மணிக்கே கண் சொக்கி, விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு தட்டிவிடுகிறது. முதிய விலங்குகளின் மூளையில் எண்டோகன்னாபினாய்டு அமைப்பும் தளர்வதாக ஆய்வுகள் சொல்கின்றன. மனிதரின் உறக்கமின்மைக்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை. கண்ணுக்குத் தெரியும் காரணங்கள் வேறு பல: இரவில் அடிக்கடி சிறுநீர் கழித்தல், மாலையில் போடும் நீர் பிரியும் மாத்திரை, குறட்டையோடு மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு, மூட்டு வலி. முக்கூடல் பக்கத்தில் சுளகை மடியில் வைத்து, ஆண்டுக்கணக்கில் குனிந்து பீடி சுற்றிய பாட்டிகளுக்கு இடுப்பும் கழுத்துமே உறக்கத்தைக் கெடுக்கும்.

அப்படியானால் கஞ்சா எண்ணெய் உதவுமா? டிஎச்சி சில நாள் விரைவாக உறங்க வைக்கலாம். பிறகு உடல் பழகிவிடும். நிறுத்தினால் உறக்கமின்மையும் கொடுங்கனவும் திரும்பும். முதியவர்களுக்குத் தலைசுற்றல், மனக்குழப்பம், தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிதல் ஆகிய ஆபத்துகளும் உண்டு. உடல் அளந்து சுரப்பதை, வெளியிலிருந்து வரும் பொருள் அளவின்றி மூளை முழுவதும் பரப்புகிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவைக் கட்டுப்படுத்துகிறது. சித்த மருத்துவத்திலும் அது நச்சு மூலிகைப் பட்டியலில்தான் இடம்பெறுகிறது. அது சேர்ந்த மருந்தை மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

கஞ்சா இல்லாமலும் உடல் தன் சுரப்பைக் கூட்டிக்கொள்ளும். மிதமாக ஓடிய, சைக்கிள் மிதித்த இளைஞர்களின் இரத்தத்தில் அனாண்டமைடு கூடியதை 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. முதியவர்களுக்கு அன்றாட நடை உறக்கத்தை மேம்படுத்துகிறது. காலை வெயில், அரை மணியைத் தாண்டாத மதியத் தூக்கம், மாலைக்குப் பின் காபி தவிர்த்தல், தினமும் ஒரே நேரத்தில் எழுதல் ஆகியவை உடல் கடிகாரத்தைச் சீராக்கும். நாள்பட்ட உறக்கமின்மைக்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் பரிந்துரைப்பது மாத்திரையை அல்ல, உறக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிதிறன் நடத்தை சிகிச்சையைத்தான்.

வீட்டுப் பெரியவர் மூன்று வாரத்துக்கு மேல் சரியாக உறங்கவில்லை என்றால், வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.