பெட்டியில் 6 வாட்... பிளக்கில் எவ்வளவு? சிப்களின் மின்செலவை அளப்பது எப்படி?

2008-ல் இன்டெல் டி945ஜிசிஎல்எஃப் என்றொரு குட்டி மதர்போர்டை வெளியிட்டது. அதில் ஒரு வேடிக்கை. பிராசஸர் மேல் ஃபேன் கிடையாது, வெறும் ஹீட்சிங்க்தான். ஃபேன் சுற்றியது பக்கத்திலிருந்த சிப்செட்டின் மேல்! அதிலிருந்த ஆட்டம் 230 பிராசஸரின் டிடிபி 4 வாட்தான். துணைக்கு வைத்த பழைய 945ஜிசி சிப்செட்டுக்கோ சுமார் 22 வாட். பிராசஸரின் எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு பிளக்கில் வந்தது வேறு கணக்கு.

இந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை. இப்போது மினி பிசிகளில் பரவலாக இருக்கும் இன்டெல் என்100 சிப்பின் டிடிபி 6 வாட். ஆனால், டிடிபி என்பது ஹீட்சிங்க் வடிவமைப்பவருக்கான எண். தொடர்ந்து வேலை செய்யும்போது எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்பதைச் சொல்வது. எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று அது சொல்லாது. மினி பிசி தயாரிப்பவர் பயாஸில் வரம்பை உயர்த்தி வைத்தால், அதே சிப் 6 வாட்டைத் தாண்டி தாராளமாக இழுக்கும். ஒரே சிப், இரண்டு பெட்டி, இரண்டு அளவு.

சரி, எப்படி அளப்பது? 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜ் முதல் இன்டெல் சிப்களே தங்கள் மின்செலவைக் கணக்கு வைக்கின்றன. லினக்ஸில் டர்போஸ்டாட் போட்டால் தெரிந்துவிடும். ஆனால் அது சிப்பின் கணக்கு. எஸ்எஸ்டி, வைஃபை, அடாப்டரில் வீணாவது எதுவும் அதில் வராது. பில் கட்டுவது நீங்கள்தானே? அதனால் பிளக்குக்கும் அடாப்டருக்கும் நடுவே வாட் மீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் சரி. மீட்டரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வாட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன அடாப்டர்களின் பவர் ஃபேக்டர் குறைவு. விடை கூடுதலாகவே வரும். வாட் என்று தனியாகக் காட்டும் எண்ணைப் பாருங்கள். லேப்டாப் என்றால், பேட்டரி முழுதாக சார்ஜ் ஆன பிறகே அளக்க வேண்டும்.

ராஸ்ப்பெர்ரி பையை யுஎஸ்பி மீட்டரிலும், மினி பிசியை சுவர் பிளக்கிலும் அளந்து ஒப்பிடுவதை அடிக்கடி பார்க்கலாம். இது நியாயமான போட்டி இல்லை. ஒன்றில் அடாப்டர் இழப்பு சேரவில்லை.

அடுத்து, வாட் மட்டும் போதாது. நேரமும் வேண்டும். ஒரு வீடியோவை மாற்ற 'அ' என்ற கம்ப்யூட்டர் 10 வாட்டில் 30 நிமிடம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 5 வாட்-மணி. 'ஆ' 25 வாட் இழுத்தாலும் 10 நிமிடத்தில் முடித்துவிடுகிறது. செலவு சுமார் 4.2தான். ஆனால் மீதி 20 நிமிடம் 'ஆ' சும்மா இருக்குமே? அப்போது 2 வாட் இழுத்தால் மொத்தம் 4.8, 'ஆ'வுக்கே வெற்றி. 5 வாட் இழுத்தால் 5.8 ஆகி, தோற்றுவிடும். சர்வர்களுக்கான ஸ்பெக்பவர் சோதனை 100 சதவீத வேலையில் தொடங்கிப் பத்துப் பத்தாகக் குறைத்து, சும்மா இருக்கும் நிலை வரை அளப்பதும் இதனால்தான்.

வீட்டில் 24 மணி நேரமும் ஓடும் ஃபைல் சர்வருக்கு இந்த 'சும்மா' எண்தான் முக்கியம். 10 வாட் வித்தியாசம் வருடத்துக்கு 87.6 யூனிட். தினம் ஒரு மணி நேரம் மட்டும் போடும் கம்ப்யூட்டரில் அதே 10 வாட், வருடம் முழுக்க 3.65 யூனிட். அதற்காக ஆயிரக்கணக்கில் கூடுதல் பணம் கொடுத்து வேறு சிப் வாங்கத் தேவையில்லை.