கடைசி ஐந்து கிலோமீட்டர்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் மேட்டுப்பாளையம் சாலை, சாலையாக இருப்பதில்லை; வாகன நிறுத்துமிடமாகிவிடுகிறது. காரமடையைக் கடந்ததும் ஊர்ந்து செல்லத் தொடங்கும் கார்கள், பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மலையடிவாரத்தை எட்டுவதற்குள் ஓட்டுபவரின் பொறுமை தீர்ந்துவிடுகிறது. "எல்லாம் உதகைக்குப் போகும் வண்டிகள்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், அந்த வரிசையில் நிற்கும் எல்லா வண்டிகளும் மலையேறுவதில்லை. ஒரு பகுதி அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது.

உதகை சாலையில், நீலகிரி மலையின் காலடியில் அமைந்துள்ள பிளாக் தண்டர் நீர் விளையாட்டுப் பூங்கா, கொங்கு மண்டலக் குழந்தைகளுக்கு ஒரு தலைமுறைக்கும் மேலாக அறிமுகமான இடம். அதைச் சுற்றியும், மேட்டுப்பாளையம் நகரிலும், காரமடை, சிறுமுகைச் சாலைகளிலும் தங்கும் விடுதிகள் உள்ளன. கோவையில் அறை எடுத்துத் தங்கி, காலையில் வந்து மாலையில் திரும்புவோரும் உண்டு. இவர்கள் எல்லோரும் செய்வது ஒரே பயணம்தான்: விடுதியிலிருந்து பூங்கா, பூங்காவிலிருந்து விடுதி. அதை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனிக் காரில் செய்கிறது.

சென்ற கோடையில் பேரக் குழந்தைகளுடன் அப்பகுதி விடுதி ஒன்றில் இரண்டு நாள் தங்கினேன். மாலை நடைக்குக் கிளம்பியபோது, அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்மணி சாலையோரம் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோதும் அவர் அங்கேயே நின்றார். "மலையிலிருந்து எறங்கற பஸ்ஸெல்லாம் நெறைஞ்சு வருதுங்க சார். தனியா ஆட்டோ புடிச்சா இன்னைக்குக் கூலியில பாதி போயிருமுங்க' என்றார். சுற்றுலாப் பயணிக்குச் சிறு தொல்லையாகத் தெரிவது, அந்தச் சுற்றுலாவைத் தாங்கி நிற்கும் உழைப்பாளிக்கு அன்றாடச் சுமை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பொருளாதாரத்தில் "புறவிளைவு' என்றொரு கருத்து உண்டு. ஒருவர் தமது வசதிக்காகச் செய்யும் செயலின் செலவில் ஒரு பங்கு, அச்செயலோடு தொடர்பில்லாத மற்றவர் தலையில் விழுவதே புறவிளைவு. காரில் செல்பவர் தமது எரிபொருளுக்கு விலை கொடுக்கிறார். தம்மால் பின்னால் நிற்கும் ஐம்பது வண்டிகளுக்கு ஏற்படும் தாமதத்துக்கு அவர் விலை கொடுப்பதில்லை. அந்த ஐம்பதில் ஒன்று அவசர ஊர்தியாக இருக்கலாம். மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு ஏற்றி வரும் லாரியாகவும் இருக்கலாம்.

உலகின் பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்கள் இந்தச் சிக்கலை எவ்வாறு கையாண்டன? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 1971-இல் திறக்கப்பட்டபோதே, பூங்காவையும் விடுதிகளையும் இணைக்கும் மோனோ ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. பின்னர் பேருந்துகளும் படகுகளும் பெருகின. 2019-இல் கம்பிவட ஊர்தியும் சேர்ந்தது. டோக்கியோ டிஸ்னி வளாகத்தில் ரயில் நிலையத்தையும் பூங்காக்களையும் விடுதிகளையும் சுற்றிவரும் மோனோ ரயில் 2001-இல் வந்தது. அதற்குப் பயணிகள் கட்டணம் செலுத்துகின்றனர். சிங்கப்பூரின் செந்தோசா தீவை நகரோடு இணைக்கும் ரயில் 2007-இல் தொடங்கப்பட்டது.

இவற்றைப் பார்த்து நாமும் மோனோ ரயில் கேட்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது வாகனத்தை அல்ல, ஏற்பாட்டை. புளோரிடாவில் பூங்காவும் பெரும்பாலான முக்கிய விடுதிகளும் ஒரே நிறுவனத்தின் கையில் உள்ளன. பேருந்துக்குச் செலவிடுபவரும், அதனால் பயன்பெறுபவரும் ஒருவரே. எனவே, அங்கே யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. நம்மிடம் பூங்கா ஒருவருடையது, விடுதிகள் பலருடையவை, சாலை அரசுடையது, பேருந்து வேறொரு கழகத்துடையது. ஒரு விடுதி தனியாகப் பேருந்து விட்டால், அதன் பயன் அடுத்த விடுதிக்கும் போய்ச் சேரும். ஆகவே, "அவர் விடட்டும்' என்று ஒவ்வொருவரும் காத்திருக்கின்றனர். ஊர் கூடித் தேர் இழுப்பதற்குப் பதிலாக, யார் முதலில் வடம் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

இணைப்புப் போக்குவரத்து நமக்குப் புதியதன்று. மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873-இல். மலை ரயில் 1899-இல் குன்னூரையும், 1908-இல் உதகையையும் எட்டியது. இன்றும் சென்னையிலிருந்து இரவு முழுதும் ஓடிவரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அதிகாலையில் மேட்டுப்பாளையத்தை அடைகிறது; அதே நிலையத்திலிருந்து காலை 7.10-க்கு மலை ரயில் புறப்படுகிறது. ஒரு வண்டியின் வருகையை ஒட்டியே மற்றொன்றின் புறப்பாடு அமைந்துள்ளது. யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது, மலை ரயிலின் பற்சக்கரப் பாதையையும் பாலங்களையும். அந்தக் கால அட்டவணையில் உள்ள அறிவும் போற்றத்தக்கதே.

பழநியையும் நினைத்துப் பார்க்கலாம். அங்கே கிரிவீதியில் தனியார் வாகனங்கள் நிறுத்தப்பட்டு, தேவஸ்தானமே பேட்டரி வாகனங்களை இலவசமாக இயக்குகிறது. முதலில் முணுமுணுப்பு இருந்தாலும், முதியவர்களும் குழந்தைகளும் நிம்மதியாக நடக்க இடம் கிடைத்தது. பக்தர்களுக்குச் செய்ய முடிந்ததைச் சுற்றுலாப் பயணிகளுக்கும் செய்ய முடியும்.

என்ன செய்யலாம்? மேட்டுப்பாளையம் ரயில் நிலையம், பேருந்து நிலையம், நகரின் விடுதிகள், பூங்கா, கல்லாறு ஆகியவற்றை இணைக்கும் ஒரு சுற்றுப் பேருந்து வழித்தடத்தைக் கற்பனை செய்வோம். ஒரு சுற்றுக்கு 45 நிமிடம் ஆகும் எனக் கொள்வோம். ஒரே ஒரு வண்டி ஓடினால், 45 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அது வரும். பயணியின் சராசரிக் காத்திருப்பு 22 நிமிடத்துக்கு மேல். குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு யாரும் அவ்வளவு நேரம் வெயிலில் நிற்க மாட்டார்கள். மூன்று வண்டிகள் ஓடினால், 15 நிமிடத்துக்கு ஒன்று. சராசரிக் காத்திருப்பு ஏழரை நிமிடம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பொதுவாக ஒரு பொருளுக்குக் கூட்டம் பெருகினால், ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வசதி குறையும். பேருந்தில் இது தலைகீழ். பயணிகள் பெருகினால் வண்டிகளை அதிகப்படுத்தலாம். வண்டிகள் பெருகினால் காத்திருப்பு குறையும். காத்திருப்பு குறைந்தால் மேலும் பயணிகள் வருவர். பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் மோரிங் 1972-இல் இதை விளக்கினார். ஆனால், இந்தச் சக்கரம் எதிர்த்திசையிலும் சுழலும். ஒரே வண்டியை விட்டுப் பார்த்துவிட்டு, "கூட்டம் இல்லை' என்று நிறுத்திவிடுவது நம் ஊர்களில் அடிக்கடி நடப்பது. கூட்டம் வராததற்குக் காரணம், வண்டி வராததே. எனவே, சோதனை முயற்சி என்றாலும் ஒரு பருவம் முழுவதும், போதிய எண்ணிக்கையில் நடத்திப் பார்க்க வேண்டும்.

செலவை யார் ஏற்பது? எடுத்துக்காட்டாக, மூன்று சிற்றுந்துகளை இயக்க நாளொன்றுக்கு 24,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அறுநூறு அறைகள் நிரம்பிய நாளில் அச்செலவைப் பகிர்ந்தால், அறை ஒன்றுக்கு 40 ரூபாய். பூங்கா ஒரு பங்கையும், சீட்டு வாங்கும் உள்ளூர்ப் பயணிகள் ஒரு பங்கையும் ஏற்றால் அது இன்னும் குறையும். ஆயிரக்கணக்கில் வாடகை தரும் விருந்தினருக்கு இது பாரமாகாது. பூங்காவின் நுழைவுச்சீட்டோடும் அறை வாடகையோடும் பேருந்துச் சீட்டையும் சேர்த்தே வழங்கினால், வண்டியில் ஏறும்போது சில்லறைக்குத் தேடும் தாமதமும் இராது.

அரசின் பங்கும் தேவை. தமிழகத்தில் 1997-இல் அறிமுகமான சிற்றுந்துத் திட்டம், 2025-இல் புதிய விரிவான திட்டமாக மறுபிறவி எடுத்துள்ளது. பேருந்து வசதி இல்லாத ஊர்களை இணைப்பதே அதன் நோக்கம். அடிவாரச் சிற்றூர்களையும் விடுதிகளையும் பூங்காவையும் ஒரே வழித்தடத்தில் கோத்தால், பகலில் விருந்தினரும், காலை மாலைகளில் பணியாளர்களும் மாணவர்களும் அதே வண்டியில் செல்லலாம். கோடைக்கு மட்டுமான பேருந்து நட்டத்தில் முடியும். ஆண்டு முழுவதும் ஊருக்கும் உதவும் பேருந்து நிலைக்கும். கோவை - மேட்டுப்பாளையம் பயணிகள் ரயில் வரும் நேரத்தை ஒட்டி இச்சிற்றுந்து நிலைய வாசலில் நின்றால், கோவையில் தங்குவோரும் காரை விடுதியிலேயே விட்டுவிட்டு வர முடியும்.

இத்திட்டத்துக்கு எதிராக இரண்டு நியாயமான வாதங்கள் எழக்கூடும். முதலாவது, சொந்தக் காரின் வசதியை யார் விடுவார் என்பது. யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால், நாள் முழுதும் ஒரு காருக்குத் தரும் நிலத்துக்கும் விலை உண்டு. இலவசமாகத் தரப்படும் வாகன நிறுத்துமிடம் உண்மையில் இலவசமன்று. அதன் செலவைக் காரில் வராதவரும் சேர்ந்தே சுமக்கிறார் என்பதை டொனால்டு ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2005-இல் ஒரு பெரு நூலாகவே எழுதிக் காட்டினார். நிறுத்துமிடத்துக்கு நியாயமான கட்டணமும், பேருந்துக்குக் குறைந்த கட்டணமும் இருந்தால், குடும்பங்கள் தாமே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

இரண்டாவது, ஆட்டோ, வாடகைக் கார் ஓட்டுநர்களின் பிழைப்பு. இதைப் புறந்தள்ளக் கூடாது. திட்டமிடும் மேசையில் அவர்களுக்கும் நாற்காலி வேண்டும். சிற்றுந்தை ஓட்டும் பணியில் அவர்களுக்கு முன்னுரிமை தரலாம். முதன்மைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் விடுதிகளுக்கும், பெட்டிகளோடு வருவோருக்கும் முன்கட்டண ஆட்டோ நிலையம் அமைக்கலாம். நாள் முழுதும் நெரிசலில் நின்று இரண்டு சவாரி பார்ப்பதைவிட, நெரிசலற்ற சாலையில் ஆறு குறுஞ்சவாரி பார்ப்பது ஓட்டுநருக்கும் இலாபமே.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அடிவாரம் மனிதர்களுக்கு மட்டும் உரியதன்று. கல்லாறு பகுதி யானைகளின் வழித்தடம். அவை காலங்காலமாகக் கடந்துவந்த பாதையின் குறுக்கேதான் நமது சாலை செல்கிறது. இருட்டியபின் ஒளிவெள்ளத்தோடு விரையும் ஒவ்வொரு காரும் அவற்றுக்கு ஒரு சுவர். ஆகவே, பேருந்துச் சேவை இருட்டுவதற்குள் முடியுமாறும், பூங்கா மூடும் நேரம் அதற்கு இசையுமாறும் அமைய வேண்டும்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குச் செல்ல இ-பாஸ் நடைமுறை உள்ளது. 2025 கோடைக்கு, வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. மலைமீது வாசல் குறுகும்போது, அடிவாரத்தில் தங்குவோர் பெருகுவது இயல்பு. மலைக்குத் தாங்குதிறன் உண்டென்று ஏற்றுக்கொண்ட நாம், அடிவாரத்துக்கும் அது உண்டென்று உணர வேண்டும். அங்கும் ஒரு நீதிமன்ற ஆணை வரும்வரை காத்திருப்பது நிர்வாகத்துக்குப் பெருமை சேர்க்காது.

மாவட்ட நிர்வாகம், போக்குவரத்துக் கழகம், வனத் துறை, மேட்டுப்பாளையம் நகராட்சி, பூங்கா, விடுதி உரிமையாளர்கள், ஓட்டுநர்கள் ஆகியோர் கோடைக்கு முன்பே ஒருமுறை கூடிப் பேசினால் இதற்கு வழி பிறக்கும். மேம்பாலம் வேண்டாம், நிலம் கையகப்படுத்த வேண்டாம், வெளிநாட்டுக் கடனும் வேண்டாம். மூன்று சிற்றுந்துகளும், எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு கால அட்டவணையும் போதும். சாலையோரம் ஒரு மணி நேரம் காத்திருந்த அந்தப் பெண்மணி, வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்கிறாரா என்பதைக் கொண்டு அத்திட்டத்தின் வெற்றியை நாம் அளக்கலாம்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு)