நம்பிக்கையை விடலாம், பத்திரத்தை விடாதீர்கள்

தைப்பூசத்துக்குப் புவனகிரியிலிருந்து வடலூர் பஸ் ஏறுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு வள்ளலார் ஒரு சாமி. அவர் ஒரு மதத்துக்குள் ஊறி வளர்ந்து, பிறகு ஊரறிய அதிலிருந்து வெளியே வந்தவர் என்பது அந்தக் கூட்ட நெரிசலில் யாருக்கும் நினைவு வராது. 1823 அக்டோபர் 5ஆம் தேதி சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் பிறந்த ராமலிங்கம், முருகனையும் நடராசரையும் பாடிப் பாடியே வளர்ந்த சைவர். அவருடைய பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா கூடாதா என்று ஆறுமுக நாவலர் தரப்போடு மூண்ட சண்டை, 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றிவிட்டு அவர் பேசியதைப் பேருபதேசம் என்கிறார்கள். தமக்குச் சைவத்தின் மேல் இருந்த பற்று அளவில்லாதது என்றும், அது இப்போது தம்மை விட்டுப் போய்விட்டது என்றும் அதில் கூட்டத்தின் முன்னாலேயே சொன்னார். வேதம், ஆகமம், புராணம் எதிலும் மனசு வைக்க வேண்டாம் என்றார். இன்றைக்கு ஒருவர் மைக் பிடித்து இதைச் சொன்னால் மறுநாள் காலை அவர் மேல் எத்தனை புகார் குவியும் என்று யோசித்துப் பாருங்கள்.

விலகி வந்த மனிதர் வெறுங்கையோடு நிற்கவில்லை. சமயங்களிலிருந்து அவர் மனம் அகன்றுகொண்டே வந்த காலத்தில்தான், 1867இல், வடலூரில் தருமசாலை தொடங்கியது. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, யார் பசியோடு இருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்.

நம் காலத்தில் எழுத்தாளர் பாமா இருக்கிறார். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர், அங்கே கண்டது வேறு என்று 1992இல் வெளியே வந்தார். வந்தபோது வேலை இல்லை, கையில் காசு இல்லை, ஊருக்குள் பழையபடி ஒட்டவும் முடியவில்லை. அந்த நெருக்கடியில் எழுதியதுதான் ‘கருக்கு’. வெளியே வருவதால் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய புதிய பார்வைக்கும், முதல் மாதத்திலேயே எதிரே வந்து நிற்கும் வயிற்றுப் பிரச்சினைக்கும் அவர் வாழ்க்கையே சாட்சி.

மதத்தை விடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ராகவேந்திரர் பிறந்த ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் புவனகிரியில் பக்தியோடு நிம்மதியாக வாழ்கிறவர்களே அதிகம். ஆனால் என்ன உடுத்தலாம், யாரோடு பேசலாம், என்ன படிக்கலாம் என்பது வரை மடமோ, சபையோ, ஜமாஅத்தோ, ஊர்ப் பெரியவர்களோ முடிவு செய்யும் வீடுகளும் எல்லா மதத்திலும் இருக்கின்றன. அந்த வீட்டுக்குள் நம்பிக்கை போய்விட்ட ஒருவர், அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இரட்டை வாழ்க்கை வாழ்கிறார். அவருக்காகவும், அவருடைய தோழிகளுக்காகவும், அவரைப் பெற்றவர்களுக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உரிமை. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு, மதத்தைப் பின்பற்றும் உரிமைக்கு முன்பாகவே மனச்சான்றின் சுதந்திரத்தைச் சொல்கிறது. நம்பாமல் இருப்பதும் அதற்குள் அடங்கும். எந்த அரசு அதிகாரியும் ஒருவரை மதம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது, மதம் இல்லை என்று சொல்லவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்று 2014இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டு அலுவலகங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாதத்துக்கு வலு சேர்க்கும்.

சேலத்தில் ஹோமியோபதி படித்த கேரள மாணவி ஹாதியாவின் வழக்கு நினைவிருக்கும். அவர் மதம் மாறித் திருமணம் செய்துகொண்டார். 2017இல் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் திருமணத்தை ரத்து செய்து அவரைப் பெற்றோரிடம் அனுப்பியது. 2018 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. வயது வந்த ஒருவரின் நம்பிக்கையும் துணையும் அவருடைய சொந்த முடிவு, அப்பாவோ நீதிமன்றமோ அதில் தலையிட இடமில்லை என்பதுதான் அதன் சாரம். ஒரு மதத்துக்குள் போகிறவருக்கு இருக்கும் அதே பாதுகாப்பு வெளியே வருகிறவருக்கும் உண்டு. இந்த வழக்கில் கைதட்டியவர்களும் கொதித்தவர்களும் இந்த இரண்டாவது பாதியைக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004இலேயே அதைக் கைவிட்டார்கள். ஆகவே மதம் மாறவோ, மதத்தை விடவோ இங்கே கலெக்டரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் இல்லை என்று எழுதவோ, அந்தக் கட்டத்தை வெறுமையாக விடவோ 1973ஆம் ஆண்டு அரசாணையே இடம் கொடுக்கிறது. 2019 பிப்ரவரியில் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா, சாதியும் மதமும் இல்லாதவர் என்று தாசில்தாரிடம் சான்றிதழே வாங்கினார். அதே கோரிக்கையோடு இன்னொருவர் தொடுத்த வழக்கில், இப்படிச் சான்றிதழ் தருவதற்கு வருவாய்த் துறைக்கு உத்தரவிடும்படி 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அரசிடம் சொன்னது. புவனகிரி வட்டாட்சியர் அலுவலகத்தில் யாராவது “அப்படி ஒரு சான்றிதழே கிடையாதுங்க” என்று கையை விரித்தால், இந்த இரண்டையும் மனுவில் குறிப்பிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஆனால் வாங்குவதற்கு முன் நிறுத்தி யோசிக்க வேண்டிய இடமும் இதுதான். மனசுக்குள் விடுவது வேறு, காகிதத்தில் விடுவது வேறு. சாதி இல்லை என்று சான்றிதழ் வாங்கியவர் இடஒதுக்கீடு கேட்க முடியாது. 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மாறினால் அந்தத் தகுதி போய்விடும். மாறிய பிறகும் பழைய சான்றிதழை வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் தைரியம் சொல்வார்கள், நம்பாதீர்கள். பக்கத்துப் புதுச்சேரியில் கிறிஸ்தவ நம்பிக்கையோடு வாழ்ந்த ஒரு பெண் வேலைக்காக இந்துப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது.

இந்துவாகப் பிறந்து நாத்திகரானவரின் நிலை விசித்திரமானது. அவர் கோயில் வாசலை மிதிக்காவிட்டாலும் சட்டம் அவரை இந்து என்றுதான் எண்ணும். ஏனென்றால் இந்துத் திருமணச் சட்டம், முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாதவர்கள் எல்லோரையும் தன் வலைக்குள் இழுத்துக்கொள்கிறது. இதனால் அவருக்கு ஒரு லாபமும் உண்டு: சொத்துரிமை அப்படியே இருக்கிறது. ஐயர் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ கல்யாணம் செய்துகொள்ள, அண்ணா ஆட்சியில் 1967இல் கொண்டுவந்த 7ஏ பிரிவு இருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்தை ஊரைக் கூட்டி நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

வேறு மதத்துக்கு முறையாக மாறினால் கணக்கு மாறும். இந்து தந்தையின் சொத்தில் மதம் மாறிய மகனோ மகளோ தங்கள் பங்கை இழப்பதில்லை. ஆனால் மாறிய பிறகு அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள், சொத்து இறங்கும் நேரத்தில் இந்துவாக இல்லாவிட்டால், தாத்தாவின் சொத்தைக் கேட்க முடியாது என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவு. மதம் மாறியவருக்கு இந்துச் சட்டப்படியான இயற்கைக் காப்பாளர் தகுதியும் கிடையாது. இதைக் கேட்டதும் பயந்துவிட வேண்டாம், குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது நீதிமன்றம் முதலில் பார்ப்பது குழந்தையின் நலனைத்தான். கணவனோ மனைவியோ மதம் மாறினால், மற்றவர் அதைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம். பூஜை செய்வதை நிறுத்திவிட்டார் என்பது மட்டும் அந்தக் காரணத்துக்குள் வராது.

முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நம்பிக்கையை விட்டவர்களுக்குத்தான் சொத்து விஷயத்தில் பெரிய சிக்கல். முஸ்லிம் வாரிசுரிமைப்படி முஸ்லிம் அல்லாதவர் முஸ்லிமின் வாரிசாக முடியாது. நம்பிக்கை இல்லாத எனக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்த வேண்டும் என்று கேரளத்தைச் சேர்ந்த சஃபியா தொடுத்த வழக்கில், 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இதற்கிடையே பெற்றவர்கள் நினைத்தால் வழி இருக்கிறது. வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உயில் எழுதலாம். உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக, அதாவது தானமாக, எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். மனஸ்தாபம் ஒரு பக்கம் இருந்தாலும் மகளை நடுத்தெருவில் விடக்கூடாது என்று நினைக்கும் எத்தனையோ அத்தாக்களுக்கு இந்த வழி தெரிவதில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களில் வாரிசின் நம்பிக்கையைச் சட்டம் கேட்பதில்லை.

சரி, ஆபத்து. 2017 மார்ச் 16 இரவு கோவையில் ஃபாரூக் என்ற 31 வயதுப் பழைய இரும்பு வியாபாரி வெட்டிக் கொல்லப்பட்டார். திராவிடர் விடுதலைக் கழக உறுப்பினர். வாட்ஸ்ஆப்பிலும் ஃபேஸ்புக்கிலும் கடவுள் மறுப்புக் கருத்துகளைப் பதிந்து வந்தவர். இரவில் ஒரு போன் வந்தது, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார், வீடு திரும்பவில்லை. மகன் இறந்த பிறகு, தானும் அவன் இருந்த இயக்கத்தில் சேரப் போவதாக அவருடைய தந்தை அறிவித்தார். இப்படிக் கொலை வரை போவது தமிழ்நாட்டில் அபூர்வம். அதற்கு முந்தைய படிகள் அபூர்வமில்லை: போனைப் பிடுங்குவது, அறையில் பூட்டுவது, கல்லூரியை நிறுத்துவது, “ஊர் வாயில விழ வைச்சிட்டியே” என்று அம்மா அழுது அழுதே பணிய வைப்பது, அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது, ஊர் தள்ளி வைப்பது.

ஊர்விலக்கைத் தடுக்க மகாராஷ்டிராவில் 2016இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். தமிழ்நாட்டில் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை, இருக்க வேண்டும். அதுவரை கையில் இருப்பதை வைத்துத்தான் போராட வேண்டும். மிரட்டல் பாரதிய நியாய சன்ஹிதா 351ஆவது பிரிவிலும், அடைத்து வைப்பது 127ஆவது பிரிவிலும் குற்றம். அடைத்தவர் பெற்ற அப்பாவாக இருந்தாலும் குற்றம்தான். வயது வந்த ஒருவரை அடைத்து வைத்திருந்தால், அவருடைய நண்பர்கூட உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். வீட்டுப் பெண்களை மனரீதியாக வதைப்பது 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வரும். அந்தச் சட்டப்படி அவர்களைக் குடியிருக்கும் வீட்டைவிட்டு வெளியே தள்ளவும் முடியாது.

விட்டவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியே வந்த புதிதில் கோபம் பொங்கும், இத்தனை வருஷம் ஏமாற்றிவிட்டார்களே என்று தோன்றும். அந்தச் சூட்டில் பழைய மதத்தை ஃபேஸ்புக்கில் வசைபாடினால், மத உணர்வைப் புண்படுத்தியதாக நியாய சன்ஹிதாவின் 299ஆவது பிரிவில் வழக்கு வரலாம். விமர்சனம் உரிமை. வேண்டுமென்றே இழிவுபடுத்தியதாக யாரும் சொல்ல முடியாதபடி எழுதுங்கள்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை எளிமையானவை. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக் ஆகியவற்றைக் கையில் எடுங்கள், முடியாவிட்டால் போட்டோ எடுத்து நம்பகமான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ மதம் கிடையாது என்பதால் அவற்றை மாற்ற வேண்டியதில்லை. அப்பாவோடு கூட்டுக் கணக்கு இருந்தால் உங்கள் பெயரில் தனிக் கணக்கு தொடங்குங்கள். சம்பாத்தியம் இல்லாமல் வீட்டில் அறிவிக்காதீர்கள். கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்வதாக இருந்தால், 30 நாள் அறிவிப்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒட்டப்படும். சின்ன ஊரில் அது வீட்டு வாசலில் ஒட்டியதற்குச் சமம், ஆகவே போலீஸ் பாதுகாப்பு மனுவை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் அவசரப்பட வேண்டாம். கொடுமை நடந்தால் 1098.

மனசைப் பற்றியும் சொல்ல வேண்டும். நரகம் கிடையாது என்று அறிவுக்குத் தெரிந்தவருக்கும் நடுராத்திரியில் நரக பயம் வரும். பண்டிகை நாளில் தனியாகச் சாப்பிடும்போது தொண்டை அடைக்கும். பழைய பாட்டு காதில் விழுந்தால் அழுகை வரும். திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றும். தோன்றினால் போகலாம், அதுவும் உரிமைதான். தூக்கம் கெட்டு, சாகலாமா என்ற எண்ணம் வரை போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். சாமியாடிக்கோ ஜெபக்கூட்டத்துக்கோ இழுத்துப் போகப் பார்ப்பவர்களிடம் மறுத்துவிடுங்கள்.

பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை சாமி கும்பிட மாட்டேன் என்று சொன்னால் மானம் போய்விடாது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிடாதீர்கள், போனில் பேசுவதை நிறுத்தாதீர்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் 112, பெண்களுக்கு 181. காவல் நிலையத்தில் எல்லைப் பிரச்சினை பேசினால் எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று சட்டமே சொல்கிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். சொத்து, சான்றிதழ், மதமாற்றம் என எதில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் அதற்கு முன் சிதம்பரம் நீதிமன்றத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100ஐ அழையுங்கள். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அங்கே வக்கீல் செலவு இலவசம், வருமான வரம்பும் கிடையாது.